வெள்ளோட்டக் குறிப்புகள்

பொட்டேட்டோ கிரீக் மாநிலப் பூங்கா, வடக்கு இந்தியானா. வீட்டுக்கும் பக்கம். எங்கள் புதுக் கேம்பிங் டிரெய்லர் தயாரான எல்கார்ட்டுக்கும் பக்கம். தூரமாகப் போவதற்கு முன் எல்லாவற்றையும் ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்துவிட வேண்டும்.

அமெரிக்காவில் விற்கிற இந்த மாதிரி வண்டிகளில் பத்துக்கு எட்டு எல்கார்ட்டிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் செய்ததுதான். அங்கே வேலை பார்ப்பவர்களில் நிறையப் பேர் ஆமிஷ்காரர்கள். வீட்டுக்குக் கரண்ட் கம்பி இழுக்காதவர்கள். குதிரை வண்டிக்காரர்கள். டிவி மாட்டும் சட்டத்தை முடுக்கியது அவர்களில் ஒருவராக இருக்கலாம்.

சட்டம் ஆடவில்லை. அலமாரிக் கதவுதான் ஆடுகிறது.

வழியில் நிறுத்தி சக்கர நட்டுகளை முடுக்கினோம். புதுச் சக்கரத்துக்கு 10, 25, 50 மைலில் திரும்பத் திரும்ப முடுக்கச் சொல்கிறது கையேடு. டார்க் ரெஞ்ச் ‘டக்’ என்னும்வரை. ஒரு நட்டு மட்டும் கால் சுற்று போனது. மற்றவை அசையவில்லை. அது மட்டும் ஏன்?

மட்டம். முதலில் இடவலம், சக்கரத்தடியில் பலகை வைத்து. பிறகுதான் இழுத்துவந்த பிக்கப்பிலிருந்து கழற்றுவது. முன்பின் கடைசியில், ஜாக்கில். வரிசை மாறினால் திரும்பவும் கொக்கியில் ஏற்ற வேண்டும்.

ரசமட்டத்தில் குமிழி ஒரு நூல் இடப்பக்கம். போதும் என்றேன்.

“ஏங்க, படுத்தா தலை கீழ போகுது,” என்றாள் மனைவி.

மட்டம் தூக்கத்துக்காக மட்டும் இல்லை, ஃபிரிட்ஜுக்காகவும். இந்த ஃபிரிட்ஜில் கம்ப்ரஸர் கிடையாது. அம்மோனியா, தண்ணீர், ஹைட்ரஜன். கேஸ் தீயோ கரண்டோ சூடு கொடுத்தால் பெட்டி குளிர்கிறது. 1922-இல் ஸ்வீடனில் இரண்டு மாணவர்கள் செய்தது: பால்ட்சார் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ். சத்தமே வராது. வண்டி ரொம்பச் சாய்ந்தால் உள்ளே திரவம் இறங்காமல் தேங்கிவிடும். குளிர்ச்சியும் நின்றுவிடும்.

ஐன்ஸ்டீனும் லியோ சிலார்டும் இதே இனத்தில் ஒன்றுக்கு 1930-இல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார்கள். பால் கெட்டால் திட்டுவதற்குப் பெரிய ஆட்கள் இருக்கிறார்கள்.

பூங்கா கம்பத்தில் 30 ஆம்ப், 120 வோல்ட். ஆக 3600 வாட். ஏ.சி. சுமார் 13 ஆம்ப். மைக்ரோவேவ் சுமார் 12. வெந்நீர் ஹீட்டரைக் கரண்டில் போட்டால் இன்னொரு 12. இரண்டு ஓடலாம். மூன்றாவதற்கு பிரேக்கர் விழுகிறது.

வெளிச்சுவரில் உள்ள பிளக் பாயிண்ட் செத்துக்கிடக்கிறது. பிரேக்கர் சரி. மல்டிமீட்டரில் பூஜ்யம். பக்கத்து வண்டிக்காரர், வயதானவர், நாயைப் பிடித்துக்கொண்டு நின்று வேடிக்கை பார்த்தார். பாத்ரூமில் பார்த்தாயா என்றார்.

பாத்ரூம் கண்ணாடிக்குப் பக்கத்து சாக்கெட்டில் சின்னதாக ஒரு பட்டன். அமுக்கினேன். வெளியே கரண்ட் வந்தது.

ஈரம் படுகிற இடங்களுக்கெல்லாம் அந்த ஒரு பட்டன்தான் காவல். வெளியே தூறல் பட்டால் பாத்ரூமில் விழுகிறது.

நாய் கடைசிவரை குரைக்கவில்லை.

கரண்ட் இங்கே இரண்டு வகை. விளக்கு, பம்ப், ஃபர்னஸ் விசிறி எல்லாம் 12 வோல்ட். ஏ.சி., மைக்ரோவேவ் 120. இடையில் கன்வெர்ட்டர். ஒன்று போனால், எதெல்லாம் போகவில்லை என்று பார்க்க வேண்டும்.

சோதனைக்காகக் கம்ப வயரைக் கழற்றினோம். கும்மிருட்டு. பேட்டரி முனையில் வைத்தால் மீட்டர் 12.6 காட்டுகிறது. முழு சார்ஜ். கன்வெர்ட்டர் மூடியைத் திறந்தால் ஓரத்தில் ஜோடியாக 40 ஆம்ப் ஃப்யூஸ். பேட்டரியின் ப்ளஸ் மைனஸை மாற்றிக் கொடுத்தால் எரிவதற்கென்றே வைத்தவை. இரண்டும் எரிந்திருந்தன.

கம்பத்தில் சொருகியிருக்கும்வரை இது தெரியவே தெரியாது. விளக்கெல்லாம் ஜோராக எரியும்.

தரையில் ஒரு ஸ்க்ரூ. எதிலிருந்து விழுந்தது? தலையில் சதுரக் குழி. இந்த வண்டி முழுக்கச் சதுரம்தான். கனடாக்காரர் ராபர்ட்சன் 1909-இல் காப்புரிமை வாங்கியது. என் செட்டில் ஸ்டாரும் பட்டையும் மட்டும்.

அடுப்பு தூங்குகிறது. நீலத்தீ அரை விரல் உயரம்கூட இல்லை. சிலிண்டரைப் படக்கென்று திறந்தால், குழாய் அறுந்துவிட்டதாக நினைத்து வால்வு தானே இறுக்கிக்கொள்ளும். மூடி, கொஞ்சம் பொறுத்து, மெல்லத் திறக்க வேண்டும். திறந்தோம். தீ எழுந்தது.

ஃபர்னஸ் அடுத்து. விசிறி சுற்றுகிறது, தீ பிடிக்கவில்லை. புதுக் குழாயில் இருப்பது கேஸ் அல்ல, காற்று. அடுப்பைக் கொஞ்ச நேரம் எரியவிட்டு மறுபடி போட்டால் பிடித்தது. முதல் சூட்டில் புகை நாற்றம். புகை அலாரம் அலறியது. அது வேலை செய்கிறது என்று குறித்துக்கொண்டாள்.

கேஸ் அலாரம் கணுக்கால் உயரத்தில். புரொப்பேன் காற்றைவிடக் கனம், தரையில்தான் படியும்.

பர்னர் குழாயில் சிலந்தி கூடு கட்டும் என்கிறார் பக்கத்து வண்டிக்காரர். 2011-இல் மாஸ்டா கம்பெனி ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தது இதே மாதிரி ஒரு காரணத்துக்காகத்தான். பெட்ரோல் ஆவி போகும் குழாயில் சிலந்திக் கூடு. அந்தச் சிலந்திக்கு பெட்ரோல் வாசனை பிடிக்குமாம்.

நடு ராத்திரி. பம்ப் டர்ர் என்று ஓடி நின்றது. யாரும் குழாய் திறக்கவில்லை. கொஞ்சம் கழித்து மறுபடி டர்ர். எங்கோ ஒழுகுகிறது.

ஒவ்வொரு இணைப்பின் அடியிலும் டிஷ்யூ பேப்பர் வைத்தாள். டார்ச்சோடு தரையில் படுத்துப் பார்த்தோம். கக்கூஸுக்குப் பின்னால் வைத்த தாளில் காலணா அளவு ஈரம். பிளாஸ்டிக் நட்டு. கையாலேயே இறுகியது. ஸ்பேனர் போட்டால் உடைந்துவிடுமாம்.

பம்பின் வடிகட்டியில் வெள்ளை வெள்ளையாகத் தேங்காய்த் துருவல் மாதிரி. தண்ணீர் டேங்கில் துளை போட்டபோது உதிர்ந்த பிளாஸ்டிக். அள்ளிப் போட்டேன். சமையல் குழாய் நுனிச் சல்லடையிலும் அதே.

குளிக்க வெந்நீர் வெதுவெதுப்புக்கு மேல் ஏறவில்லை. ஹீட்டர் சுடுகிறது, வெளியே கையை வைத்தால் தெரிகிறது. கட்டிலடிப் பலகையைக் கழற்றினால் (சதுர ஸ்க்ரூ, பிட் இரவல்) பின்னால் மூன்று வால்வு. உறைபனிக் காலத்தில் தண்ணீரை ஹீட்டருக்குள் விடாமல் சுற்றிவிடும் வழி. நடு வால்வு பாதி திறந்திருந்தது. பச்சைத் தண்ணீர் அதன் வழியாக வந்து கலக்கிறது.

நல்லவேளை பாதிதான். முழுக்கச் சுற்றிவிட்டிருந்தால் ஹீட்டர் டேங்கில் தண்ணீரே ஏறியிருக்காது. டேங்க் காலியாக இருக்கும்போது கரண்டைப் போட்டால் ஹீட்டரின் காயில் நொடிகளில் எரிந்துவிடும்.

டிரெய்லர் என்றதும் ஞாபகம் வருவது 1969. நிலவில் இறங்கித் திரும்பியவர்களை அடைத்து வைத்தது, ஏர்ஸ்ட்ரீம் டிரெய்லரை மாற்றிக் கட்டிய பெட்டியில். சக்கரம் கிடையாது. ஜன்னல் வழியாக நிக்சன் பேசினார். அதன் கக்கூஸ் குழாயையும் யாரோ குனிந்து பார்த்திருப்பார்கள்.

கிளம்பும் நாள். கழிவு இறக்கும் மேடை. கையுறை. முதலில் கக்கூஸ் டேங்க், பிறகு குளித்த தண்ணீர். இரண்டாவது போகும்போது குழாயைக் கழுவிவிடும். எங்களுக்குப் பின்னால் வரிசை. யாரும் ஹார்ன் அடிக்கவில்லை.

வால்வை மூடி, உள்ளே வந்து அளவு காட்டும் பலகையைப் பார்த்தால் கக்கூஸ் டேங்க் இன்னும் மூன்றில் இரண்டு பங்கு என்கிறது. சென்சாரில் தாள் ஒட்டியிருக்குமாம். பக்கத்து வண்டிக்காரருடையது வாங்கிய நாளிலிருந்து அப்படித்தான் காட்டுகிறதாம்.