வாசலில் உட்கார்ந்திருந்த மனிதர்

கடவுளின் பெயரே வராத புத்தகம் ஒன்று பைபிளுக்குள் இருக்கிறது என்று சொன்னால், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்களே சிலர் நம்புவதில்லை. எஸ்தர் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். மொத்தம் 10 அதிகாரம். ராஜா வருகிறார், விருந்து வருகிறது, சூழ்ச்சி வருகிறது. இந்து தேசம் முதல் எத்தியோப்பியா வரை 127 நாடுகள் என்று கணக்குகூட வருகிறது. கர்த்தர் என்றோ தேவன் என்றோ ஒரு சொல் கிடையாது. மக்கள் உபவாசம் இருக்கிறார்கள். ஜெபித்தார்கள் என்று எழுதப்படவில்லை.

இது அந்தக் காலத்திலேயே பலரை உறுத்தியிருக்கிறது. கிரேக்க மொழியில் இந்தக் கதை போனபோது, எஸ்தரும் மொர்தெகாயும் உருகி ஜெபிக்கிற பகுதிகள் அதில் சேர்ந்துகொண்டன. கத்தோலிக்கர்களின் திருவிவிலியத்தில் இன்றும் அவற்றை வாசிக்கலாம். கடவுள் பேசாமல் இருந்தால் அவருக்குப் பதிலாக நாமாவது பேசிவிட வேண்டும் என்று நமக்குத் தோன்றிவிடுகிறது. மார்ட்டின் லூத்தருக்கும் இந்தப் புத்தகம் பிடித்ததில்லை.

எனக்குப் பிடிக்கும். அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்தக் கதையோ ஒரு பதிவேட்டில்தான் திரும்புகிறது.

சூசான் அரண்மனை வாசலில் உட்கார்ந்திருந்த யூதரான மொர்தெகாயின் காதுக்கு ஒரு சதிச் செய்தி எட்டுகிறது. வாசல் காக்கிற இரண்டு பேர் ராஜாவைக் கொல்லப் பார்க்கிறார்கள். அவர் தன் வளர்ப்பு மகளான ராணி எஸ்தர் மூலம் தகவல் சொல்லி அனுப்புகிறார். விசாரணை நடக்கிறது, குற்றம் உறுதியாகிறது, இருவரும் தூக்கிலிடப்படுகிறார்கள். ராஜாவின் முன்னிலையிலேயே விவரம் அரண்மனைப் பதிவேடான நாளாகமத்தில் எழுதப்படுகிறது. அதோடு இரண்டாம் அதிகாரம் முடிந்தது. வெகுமதி இல்லை, ஒரு நல்ல வார்த்தைகூட இல்லை. மூன்றாம் அதிகாரத்தைத் திறந்தால் முதல் வரியிலேயே பதவி உயர்வு வருகிறது. யாருக்கு? பின்னாளில் யூதர்களையே அழிக்கத் துணியும் ஆமானுக்கு.

அலுவலகத்தில் காலம் தள்ளியவர்களுக்கு இந்த இடத்தில் விளக்கவுரை தேவைப்படாது.

நான் இருந்த பிரிவில் ஒரு முறை கோப்பு ஒன்று காணாமல் போனது. அது என் இருக்கைக்கு வரவே இல்லை என்பதற்குத் தபால் பதிவேடு சாட்சி. இருந்தும் பிரிவில் இருந்த எல்லோருக்கும் 17(பி) குறிப்பாணை கொடுத்தார்கள். குற்றச்சாட்டு நிலுவையில் இருந்தால் பதவி உயர்வுப் பேனலில் பெயர் வராது என்பது சர்வீஸில் இருப்பவர்களுக்குத் தெரியும். என் பெயர் வரவில்லை. எனக்குப் பின்னால் வேலையில் சேர்ந்த தம்பி ஒருவர் கண்காணிப்பாளராக வந்து உட்கார்ந்தார். நல்ல மனுஷன். முதல் கோப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவை மூடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, “அண்ணாச்சி, இது நீங்க உக்கார வேண்டிய நாற்காலி” என்றார். என்ன பதில் சொல்வது? “அந்த ஃபேன் சத்தம் போடும் தம்பி, மூணுக்கு மேல வைக்காதீங்க” என்றேன்.

கோயிலில் விசாரித்தவர்கள், “இதைவிடப் பெருசா ஒண்ணு கர்த்தர் வச்சிருக்கார்” என்று தட்டிக்கொடுத்தார்கள். பிற்பாடு குற்றச்சாட்டைக் கைவிட்டார்கள். அதற்குள் நான் ஓய்வு பெறும் காலம் வந்துவிட்டது. பெரிதாக ஒன்றும் வரவில்லை.

நம் கூட்டங்களில் சாட்சி சொல்ல எழுந்திருக்கிறவர்கள் எல்லோரும் தங்கள் கதையின் முடிவு தெரிந்தவர்கள். விசா கிடைக்காமல் போய், உள்ளூரிலேயே அதைவிட நல்ல வேலை அமைந்தவர். பேசி முடித்த சம்பந்தம் கலைந்து, பிறகு தங்கமான மருமகன் வாய்த்தவர். சந்தோஷம்தான், கைதட்டுவோம். ஆனால் கதையின் நடுவில் மாட்டிக்கொண்டிருப்பவர் கையில் யாரும் மைக் கொடுப்பதில்லை. அவர் பின்வரிசையில் உட்கார்ந்து, தன் விசுவாசத்தில்தான் ஏதோ கோளாறு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வீடு திரும்புகிறார்.

அவர் மொர்தெகாயைக் கவனிக்க வேண்டும். எஸ்தர் ராணியானது ராஜா அகாஸ்வேருவின் 7-ஆம் ஆண்டில். ஆமான் யூதர்களை அழிக்கச் சீட்டுப் போட்டுப் பார்த்தது 12-ஆம் ஆண்டில். அதாவது மொர்தெகாயின் நற்செயல் ஏட்டில் எழுதப்பட்டுச் சில வருடங்கள் அப்படியே கிடந்திருக்கிறது. நாம் பக்கத்தைப் புரட்டி அதைக் கடந்துவிடுகிறோம். அவர் தினமும் காலையில் அந்த வாசலுக்கு வந்து, ஆமான் போகவரப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பிறகு ஓர் இரவு ராஜாவுக்குத் தூக்கம் வரவில்லை. நாளாகமத்தைக் கொண்டுவந்து வாசிக்கச் சொல்கிறார். அந்தப் பழைய பதிவு வருகிறது. இவனுக்கு என்ன மரியாதை செய்தோம் என்று கேட்கிறார். ஒன்றும் செய்யவில்லை என்கிறார்கள் வேலைக்காரர்கள். அதே நேரம், 50 முழ உயரத் தூக்குமரத்தை நட்டுவிட்டு, மொர்தெகாயை அதில் ஏற்ற உத்தரவு வாங்கத்தான் ஆமான் வெளிமுற்றத்தில் வந்து நிற்கிறான். அந்த வாரமே ஒரு சால்வையைப் போர்த்திக் கணக்கை முடித்திருந்தால், இந்த இரவில் ராஜா கேட்பதற்கு ஒன்றும் இருந்திருக்காது. நிலுவையில் கிடந்ததுதான் அவரைக் காப்பாற்றியது.

இதைப் பிரசங்கத்தில் அடிக்கடி கேட்டிருப்பீர்கள். நான் சொல்ல வந்தது இதற்கு முன்னும் பின்னும் நடந்ததை.

முன்னால் நடந்தது நாலாம் அதிகாரத்தில் இருக்கிறது. யூதர்களை அழிக்கும் ஆணை வெளியானதும் மொர்தெகாய் வஸ்திரத்தைக் கிழித்து, இரட்டு உடுத்தி, நகரத்தின் நடுவில் நின்று சத்தமிட்டு அழுகிறார். விசுவாசி அழக் கூடாது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. அழுதுவிட்டுச் சும்மாவும் இருக்கவில்லை. ராஜாவின் கஜானாவுக்கு எவ்வளவு வெள்ளி தருவதாக ஆமான் ஒப்புக்கொண்டான் என்ற விவரத்தைச் சொல்லி, ஆணையின் நகலையும் எஸ்தருக்குக் கொடுத்தனுப்புகிறார். நகல் இணைக்கப்பட்டுள்ளது என்று எழுதியே பழகிய எனக்கு அந்த இடம் மிகவும் பிடிக்கும். ராஜாவிடம் போய்ப் பேசு என்று எஸ்தரை நெருக்கும்போதும் அவர் வாக்குத்தத்தம் எதையும் நீட்டவில்லை. நீ பேசாவிட்டாலும் வேறொரு இடத்திலிருந்து உதவி வரும் என்கிறார். எங்கிருந்து என்று சொல்லவில்லை. இப்படிப்பட்ட ஒரு காலத்துக்காகவே நீ ராணியானாயோ என்னவோ, யாருக்குத் தெரியும் என்று கேட்டு நிறுத்திக்கொள்கிறார். தெரியும் என்று சொல்லாமலே நம்பியவர் அவர்.

பின்னால் நடந்தது ஆறாம் அதிகாரத்தில் ஒரே ஒரு வரி. ராஜவஸ்திரம் உடுத்தி, ராஜாவின் குதிரையில் ஏற்றி, ஆமானே முன்னால் கூவிக்கொண்டு போக, வீதி வழியாக ஊர்வலம் நடக்கிறது. முடிந்ததும் மொர்தெகாய் திரும்பவும் அரண்மனை வாசலுக்கு வந்துவிடுகிறார். அழிப்பு ஆணை இன்னும் ரத்தாகவில்லை. தன் சனங்களின் தலைக்கு மேல் கத்தி தொங்கும்போது குதிரைச் சவாரியைப் பெரிய பதிலாக அவர் எடுத்துக்கொள்ளவில்லை. பழைய இடத்தில் வந்து உட்கார்ந்தார்.

என் விஷயத்துக்கு வருகிறேன். அந்த நாற்காலி கிடைக்காததால் யாருடைய உயிரும் தப்பியதாக எனக்குத் தெரியவில்லை. இன்னதற்காகத்தான் என்று காரணம் கட்டிப் பார்த்திருக்கிறேன், எதுவும் ஒட்டவில்லை. அப்படியானால் கடவுள் அதில் வேலை செய்யவில்லையா? ஒரு நாள் இதை வீட்டில் கேட்டேன். என் மனைவி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். “கணக்கப் பாத்துட்டு நம்புறதுக்குப் பேரு ஆடிட்டு. அது உங்க ஆபீஸோட போச்சு” என்றாள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

அவள் சொன்னதுதான் சரி. எஸ்தர் புத்தகத்தில் கடைசி அதிகாரத்திலும் கடவுள் வந்து விளக்கம் தருவதில்லை. மொர்தெகாய்க்குப் பெரிய பதவி கிடைக்கிறது, யூதர்கள் உயிர் தப்பி, அதன் நினைவாகப் பூரிம் பண்டிகையை ஏற்படுத்துகிறார்கள். அந்தப் பண்டிகையை இன்றும் வருடம் தவறாமல் கொண்டாடுகிறார்கள். இதையெல்லாம் செய்தது யார் என்று புத்தகம் கடைசி வரை சொல்லவில்லை. வாசிக்கிறவர்கள் மட்டும் அதை அறிந்திருக்கிறார்கள்.

ஆகவே, ஏமாற்றத்தில் இருக்கிறவரைப் பார்க்கப் போனால், அவருடைய துன்பத்துக்கு நீங்கள் அர்த்தம் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டாம். துன்பத்தில் இருந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் கூட உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததில் உருப்படியானது அது ஒன்றுதான். நீங்களே அந்த நிலையில் இருந்தால், அழ வேண்டியதை அழுங்கள். நியாயம் கேட்க வழி இருந்தால் நகலை இணைத்து மனுப் போடுங்கள். மறுநாள் காலையில் எழுந்து, உங்கள் வேலைக்குப் போங்கள். காரணம் என்றைக்காவது தெரியலாம், தெரியாமலும் போகலாம். இரண்டில் எது நடந்தாலும் கடவுள் உங்களைக் கைவிட்டுவிட்டார் என்று முடிவு கட்டாதீர்கள்.