கரும்புகை சொன்ன உண்மை

பசியினால் வாடி மெலிவோரைக் கண்டால் நம் உள்ளம் இரங்குகிறது. அளவுக்கு மிஞ்சி உண்டு நோயுறுவோரை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. மிகை உணவும் உடலைக் கெடுக்கும் என்பதை மருத்துவர் சொல்லித்தான் அறிகிறோம். மோட்டார் வண்டியின் எஞ்சினுக்கும் இதே நியதி பொருந்தும் என்பதை அண்மையில் எங்கள் குடும்பத்தில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சி எனக்கு நன்கு உணர்த்தியது. வண்டி வைத்திருக்கும் இல்லத்தார்க்கு அது பயன்படக்கூடும் என்று கருதியே இதனை எழுதுகிறேன்.

பழனி மலைத்தொடரில், தாண்டிக்குடி வட்டாரத்தில், என் தமையனாருக்குச் சிறியதொரு காப்பித் தோட்டம் உண்டு. தோட்டத்து விளைச்சலை வத்தலக்குண்டுக்கு இறக்குவதற்கும், அண்டை வீட்டில் பேறுகால வலி கண்டால் மருத்துவமனைக்கு விரைவதற்கும் அவரிடம் உள்ளது ஒரே வாகனம்: 2004-ஆம் ஆண்டில் வாங்கிய, நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லக்கூடிய, துணிக்கூரை போட்ட பெட்ரோல் வண்டி. கார்பரேட்டர் இல்லாமல், கம்ப்யூட்டரின் கட்டளைப்படி இன்ஜெக்டர்கள் பெட்ரோலைத் தெளிக்கும் வகையைச் சேர்ந்தது.

லிட்டருக்குப் பதினொரு கிலோமீட்டர் ஓடிய அந்த வண்டி, சில மாதங்களில் ஏழுக்கு இறங்கிவிட்டது. வண்டியை ஓட்டிய மலைக்கிராமத்து இளைஞன்மீது தமையனாருக்கு ஐயம் எழுந்தது. வாய்விட்டு ஏதும் சொல்லவில்லை. ஆயினும் பெட்ரோல் டாங்கின் சாவியைத் தம்மிடமே வாங்கி வைத்துக்கொண்டார். அந்தப் பிள்ளையின் முகம் வாடியதை நான் கண்டேன். ஏழையிடம் இருக்கும் ஒரே செல்வம் அவனுடைய நாணயம் அன்றோ?

இதற்கிடையில், பின் இருக்கையில் அமர்ந்து செல்லும் அண்ணியாரும் பேத்தியும் ஊர் போய்ச் சேருமுன்பே தலைவலியும் குமட்டலும் கண்டனர். மலைப்பாதையின் வளைவுகளே காரணம் என்று யாவரும் எண்ணினோம். சைலன்சர் வாயிலோ கரி படிந்து கறுத்திருந்தது.

இங்கே சிறிது விஞ்ஞானம் சொல்லியாக வேண்டும். ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று தேவை. பெட்ரோல் மிகுந்துவிட்டால், காற்றிலுள்ள பிராணவாயு போதாமல் அது அரைகுறையாக எரிகிறது. கரும்புகையோடு கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயுவும் பெருகுகிறது. இதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினைப் பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கும் மேலான வலிமையுடன் இது பற்றிக்கொள்ளும். துணிக்கூரை வண்டியில் பின்திரையின் இடைவெளி வழியாகப் புகை உட்புகுவது எளிது. ஆகவே இழப்பு பெட்ரோலோடு நிற்கவில்லை. உயிருக்கே ஊறு காத்திருந்தது.

முதலில் பார்த்த பட்டறையில், புகைக்குழாயில் பொருத்தியுள்ள பிராணவாயு சென்சாரை மாற்றினர். பின்னர் எஞ்சின் நீரின் வெப்பத்தை அளக்கும் சென்சாரையும் மாற்றினர். குறை தீரவில்லை. ‘கம்ப்யூட்டரே பழுது, முப்பதாயிரம் ரூபாய் ஆகும்’ என்று முடிவாகச் சொல்லிவிட்டனர். பேத்தியின் கல்லூரிக் கட்டணத்திற்காகச் சேர்த்து வைத்த தொகையைத் தமையனார் எண்ணிப் பார்த்து, பெருமூச்செறிந்தார்.

அந்நிலையில்தான், வத்தலக்குண்டில் சிறு பட்டறை வைத்திருக்கும் முதியவர் ஒருவரிடம் சென்றோம். ஊரார் அவரைப் ‘பாய்’ என்றே அழைப்பர். “எதையும் மாற்ற வேண்டாம் ஐயா, முதலில் கேட்டுப் பார்ப்போம்” என்றார். வண்டியிடம் கேட்பதைத்தான் அவர் அப்படிச் சொன்னார்.

பிளக்குகளைக் கழற்றினார்; நான்கிலும் உலர்ந்த கரித்தூள். ஒரே சிலிண்டரில் அன்று, எல்லாவற்றிலும் பெட்ரோல் மிகை என்று அதனால் தெளிவாயிற்று. ஆயில் குச்சியை முகர்ந்தார். பெட்ரோல் வாடை வீசியது. காற்று வடிகட்டி தூய்மையாக இருந்தது. பெட்ரோல் அழுத்தத்தைச் சீர்செய்யும் கருவியின் மெல்லிய குழாயை உருவிப் பார்த்தார். உள்ளே ஈரமில்லை, ஆகவே அதன் சவ்வு கிழியவில்லை. எஞ்சினை நிறுத்திய பின்னும் அழுத்தம் குறையவில்லை. எனவே இன்ஜெக்டர்கள் ஒழுகவில்லை.

“மலை உயரத்தில் காற்று மெலிவதாலோ?” என்று வினவினேன். கார்பரேட்டர் வண்டிக்கு அது பொருந்தும் என்றும், இந்த வண்டி காற்றழுத்தத்தை அளந்து பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும் என்றும் விளக்கினார். சமவெளியிலும் அதே புகைதானே வந்தது!

அடுத்துப் பிராணவாயு சென்சாரில் மீட்டரை வைத்தார். 0.9 வோல்ட்டை ஒட்டியே முள் நின்றது. பெட்ரோல் மிகை என்பதே அதன் பொருள். ஒரு காற்றுக் குழாயைக் கழற்றிக் கூடுதல் காற்றை உள்ளே விட்டதும் முள் சரேலென இறங்கியது. “இது பொய் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னதற்காகப் பழையதைத் தூக்கி எறிந்திருக்கிறார்கள்” என்றார் பாய்.

இறுதியில் நீர்வெப்ப சென்சார். 20 பாகை செல்சியஸில் ஏறத்தாழ 2,500 ஓம் தடை காட்டும் இது, 80 பாகையில் ஏறத்தாழ 300 ஓமுக்கு இறங்க வேண்டும். எஞ்சின் சூடேறிய பின் சென்சாரின் முனையில் அளந்தார்; 300 இருந்தது. அதே ஒயரின் மறுமுனையில், கம்ப்யூட்டருக்குள் செல்லும் இடத்தில் அளந்தபோது 2,300 காட்டியது! ஒயரைத் தடவிக்கொண்டே சென்றவர், டேப் சுற்றிய ஓரிடத்தைப் பிரித்தார். என்றோ எலி கடித்த ஒயரை யாரோ முறுக்கி இணைத்திருக்க, மழைநீர் இறங்கிச் செம்புக் கம்பியில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது.

கொதிக்கும் எஞ்சினைக் குளிர்ந்தது என்றே கம்ப்யூட்டர் நம்பி வந்திருக்கிறது. குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதல் பெட்ரோல் கொடுப்பதும், அது சூடேறும்வரை பிராணவாயு சென்சாரின் சொல்லைக் கேளாதிருப்பதும் அதன் இயல்பு. அளவு முற்றிலும் அற்றுப்போகாமல் நம்பத்தக்க எல்லைக்குள் இருந்ததால், எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. ஒயரை வெட்டி ஈயம் வைத்து இணைத்ததும் புகை நின்றது. வோல்ட் முள் ஏறியிறங்கி ஆடத் தொடங்கியது. ஆயிலை மாற்றி, பின்திரையையும் தைத்துக்கொண்டு வீடு திரும்பினோம். தலைவலி அகன்றது.

மறுநாள் தமையனார் டாங்க் சாவியை அந்த இளைஞனின் கையில் கொடுத்து, “தம்பி, நான் உன்னைத் தவறாக நினைத்துவிட்டேன்” என்றார். மூத்தவர் இளையவனிடம் அவ்வாறு சொல்வது நம் குடும்பங்களில் அரிது.

குடும்பத் தலைவர்களே, வண்டி திடீரென மிகுதியாகப் பெட்ரோல் குடித்தால், ஆளைச் சந்தேகிக்குமுன் சைலன்சரைப் பாருங்கள். மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிடாதீர்கள். பயணத்தில் பலருக்கும் ஒருங்கே தலைவலி வந்தால் உடனே வண்டியை நிறுத்தித் திறந்த வெளிக்கு வாருங்கள். தணியாவிடில் மருத்துவரை நாடுங்கள். பாகங்களை மாற்றுமுன் அளந்து பார்க்கும் கைவினைஞரைத் தேடுங்கள். அவருக்கு நியாயமான கூலியைத் தயங்காமல் கொடுங்கள்.