மூன்றாம் சனி, ஞாயிறு

சனி, காலை

அம்மாவை ரேஷன் கடைக்கு அழைத்துப் போனேன். கூட்டம் அதிகமில்லை. ஆனால் அம்மாவின் விரல் கருவியில் பதியவில்லை. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், இடக்கை, வலக்கை எல்லாம் வைத்துப் பார்த்தாயிற்று. "சேலையில நல்லாத் தொடச்சிட்டு அழுத்தி வைங்கம்மா" என்றார் கடைக்காரர். அவர் தினமும் பார்க்கிற சங்கடம்தான் இது, கோபப்படவில்லை.

அம்மா இளவயதில் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டவர். சாயத்தில் முக்குவதற்கு முன் துணியைக் கிள்ளி எடுத்து, நூலைச் சுற்றி, புள்ளிக்கு ஒரு முடிச்சாகக் கட்ட வேண்டும். ஒரு சேலைக்கே ஆயிரக்கணக்கில் முடிச்சு விழும். அதற்குப் பிறகு பாத்திரம், துணி சோப்பு, அடுப்பு. ரேகை எப்படி மிஞ்சும்? கடைசியில் கருவிழியைப் பதிவு செய்கிற கருவியில் கண்ணைக் காட்டித்தான் அரிசி வாங்கினோம்.

"என் கை எனக்கே சாட்சி சொல்ல மாட்டேங்குது" என்றார் அம்மா, திரும்பும் வழியில். எனக்குப் பதில் வரவில்லை. முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீடு தேடிப் பொருள் தரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது. அம்மா இன்னும் அந்தத் திட்டத்துக்கான வயதை எட்டவில்லை. ஆனால் ரேகை தேய்வதற்கு வயது வரம்பு கிடையாது. உழைத்துத் தேய்ந்த விரல்களுக்கும் அதில் ஓர் இடம் வேண்டும்.

சனி, முற்பகல்

வங்கி. 2015 செப்டம்பரிலிருந்து இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகள் வங்கிகளுக்கு விடுமுறை. அதனால் வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் மற்றச் சனிக்கிழமைகளில் வந்து குவிகிறார்கள். அம்மாவின் பாஸ்புக்கில் என்ட்ரி போட வேண்டும். இயந்திரம் பழுது. கவுன்ட்டரில் கேட்டால், "மெஷின்லதான் போடணும்" என்கிறார்கள். போனில் இருப்பைக் காட்டினால் அம்மாவுக்குப் போதாது. அச்சடித்த வரியைப் பார்த்தால்தான் பணம் வந்ததாக நம்புவார். அதில் தவறென்ன இருக்கிறது? பாஸ்புக் கொடுத்த இடம் அதில் எழுதியும் கொடுக்க வேண்டும்.

வெளியே வந்தபோது தோழியிடமிருந்து செய்தி: "கீழமாசி வீதிக்குப் பருப்பு வாங்கப் போறேன். வர்றியா?"

சனி, மாலை

தோழியும் நானும் ஒரே கல்லூரியில், ஒரே பெஞ்சில் படித்தவர்கள். அவள் திருநகர், நான் அண்ணாநகர். ஒரே மதுரைதான். "ஒரு நாள் உக்காந்து பேசணும்டி" என்று சொல்லிக்கொண்டே மாதங்கள் போய்விட்டன. அவளுக்கு வசதிப்பட்ட ஞாயிறு எனக்கு ஒரு கல்யாணம். எனக்கு வசதிப்பட்ட ஞாயிறு அவள் மாமியாருக்கு உடம்பு முடியவில்லை.

பருப்புக் கடைக்கு முன்னால் பழுது பார்க்கும் கடைக்குப் போனோம்; என்னிடம் மிக்ஸி ஜார் இருந்தது. அடியில் கப்ளர் தேய்ந்து, மோட்டார் மட்டும் ஓடுகிறது, பிளேடு சுற்றவில்லை. மோட்டாரைக் காப்பாற்றத்தான் கப்ளர் முதலில் தேய்கிறது என்று விளக்கினார் பழுது பார்ப்பவர். வாஷரையும் மாற்றி, தண்ணீர் ஊற்றி, ஒழுகவில்லை என்று காட்டிவிட்டுத்தான் கையில் கொடுத்தார். புது ஜார் வாங்கச் சொல்லாத இப்படிப்பட்டவர்கள் இருப்பதால்தான் நம் அடுப்படிகள் ஓடுகின்றன.

அந்தக் கடை வாசலில் நின்றபோதுதான் தோழி சொன்னாள், வேலையை விட்டுவிட்டதாக. வீட்டில் இன்னும் சொல்லவில்லையாம். "காலைல கெளம்பி, தெப்பக்குளத்துல போயி உக்காந்துட்டு வர்றேன்டி." போனில் இதைச் சொல்லியிருக்க மாட்டாள். ஓட்டலில் எதிரெதிரே உட்கார வைத்துக் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள். இருவரும் ஜாரையே பார்த்துக்கொண்டு நின்றதால் பேச்சு வந்தது. ஏன் விட்டாய், அடுத்து என்ன என்று நான் துருவவில்லை. பருப்பு வாங்கினோம், துவரையும் உளுந்தும் விலை விசாரித்தோம், பையை மாற்றி மாற்றித் தூக்கினோம். நடக்க நடக்க மீதியும் வந்தது. மேலதிகாரியின் பேச்சு, தூக்கம் வராத இரவுகள், வீட்டுக் கடனுக்கான தவணை.

விளக்குத்தூண் பக்கம் நின்று ஜிகர்தண்டா குடித்தோம். சுண்டிய பால், கடல்பாசி, நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். படிக்கும்போது காசைச் சேர்த்து ஒன்று வாங்கிப் பகிர்வோம். இன்று ஆளுக்கொன்று. "இன்னைக்கு ராத்திரி அவர்ட்ட சொல்லிருவேன்" என்றாள், தம்ளரை வைத்துவிட்டு.

ஞாயிறு

துணி, இட்லிக்கு மாவு, தண்ணீர் கேன். மதியம் தோழி அழைத்தாள். சொல்லிவிட்டாளாம். கணவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தெப்பக்குளத்துக்கு என்னையவும் கூப்பிட்டிருக்கலாம்ல" என்றாராம். இருவரும் உட்கார்ந்து தவணைக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். நகையைத் தொடாமல் சில மாதம் ஓட்டலாம் என்று தெரிந்திருக்கிறது.

சிநேகிதத்துக்கென்று தனியாக ஒரு நாள் ஒழியட்டும் என்று இனி நான் காத்திருக்கப் போவதில்லை. நீங்களும் காத்திருக்காதீர்கள். கடைக்குக் கிளம்பும்போது ஒரு போன் போட்டு, "நீயும் வர்றியா?" என்று கேளுங்கள். அடுத்தது நான்காம் சனி; வங்கி கிடையாது. தோழி தன் அம்மாவை ரேஷன் கடைக்கு அழைத்துப் போக வேண்டுமாம். நானும் போகிறேன்.