கைக்கு அடக்கமாக ஒரு கோடரி

தமிழ் கற்பித்துப் பிழைக்கும் ஒருவன் கோடரி வாங்கிய கதையைச் சொல்லத் தொடங்கினால் நண்பர்கள் சிலருக்குச் சிரிப்பு வரலாம். எனக்கும் அது வேடிக்கையான பொழுதுபோக்காகத்தான் இருந்தது, சென்ற தை மாதத்து மாலை ஒன்று வரை.

ஆண்டுக்கு இருமுறை முதுகுப்பையைச் சுமந்துகொண்டு மலைப்பக்கம் போய்வருவது எங்கள் வழக்கம். துறையாசிரியர் இருவர், மாணவர் நான்கைந்து பேர். ஜவ்வாது மலையில் நண்பர் ஒருவருக்குச் சொந்தப் பட்டா நிலம் உண்டு. அங்கே கூடாரம் அடித்து, உதிர்ந்த சுள்ளிகளிலும் பட்டுப்போன பலாக்கிளைகளிலும் சமைத்துக்கொள்வோம். அதற்கென எடை குறைந்த கோடரியொன்று வாங்கி வைத்திருந்தேன். பையில் சேரும் ஒவ்வொரு நூறு கிராமும் நாற்பது வயதுக்குமேல் முழங்காலில் தெரிகிறதல்லவா?

அன்று மாலை, ஆப்பசைத்த குரங்கின் கதையைச் சொல்லிச் சிரித்தபடியே நான் கோடரியை ஓங்கினேன். கையில் காம்பு மட்டும் நின்றது. இரும்புத் தலை முதுகலை மாணவன் ஒருவனின் காதோரமாகப் பறந்து, பின்னாலிருந்த மண் வரப்பில் செருகி நின்றது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய் அதைப் பிடுங்கி வந்து என்னிடம் கொடுத்து, "ஐயா, ஆப்பு இல்லீங்க" என்றான். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

வீடு திரும்பியதும் தவறு எங்கே என்று யோசித்தேன். மழைக்காலத்தில் வாங்கிய கோடரி அது. மொட்டைமாடி அறையின் வெக்கையில் மாதக்கணக்கில் கிடந்ததால் காம்பு வற்றிச் சுருங்கியிருக்கிறது. பயணத்துக்கு முந்தைய நாள் தலை லேசாக ஆடுவதைக் கண்டு, வாளித் தண்ணீரில் ஊறப்போட்டேன். மரம் ஊதி இறுகிக்கொண்டது, நானும் நிறைவடைந்தேன். அதுதான் பெரும்பிழை. இரும்புத் துளைக்குள் ஊதும் மரத்துக்கு விரிய இடமில்லை. அதன் நார்கள் நசுங்கிப்போகின்றன. மறுபடி காயும்போது முன்னைவிடவும் தளர்ந்துவிடும். எப்போது விழுந்ததோ தெரியாத ஆப்பை நான் பார்க்கக்கூட இல்லை. எடையைப் பார்த்து வாங்கினேனேயன்றி, இரும்பும் மரமும் சேரும் இடத்தைப் பார்த்து வாங்கவில்லை.

ஆகவே மறுபடி தேடத் தொடங்கினேன். புதிதா, பழையதா என்பது முதல் கேள்வி.

மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலைக் கடையில் புதியவற்றை எடுத்துப் பார்த்தேன். விலை குறைவு. ஆனால் தலை முழுக்கச் சாயம் பூசியிருந்ததால் விரிசல் உண்டா இல்லையா என்றே தெரியவில்லை. காம்பின் அடிமுனையில் மரத்தின் ரேகைகள் வெட்டுவாயின் திசையிலேயே ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் ஒரு நாள் முறியும். கையிலெடுத்த நான்கில் மூன்று குறுக்கே ஓடின.

என் மகன் கணினியில் பின்லாந்து நாட்டு ஃபிஸ்கார்ஸ் கோடரியைக் காட்டினான். 1649இல் தொடங்கிய நிறுவனம். காம்பு கண்ணாடியிழை கலந்த நெகிழி. அதைத் தலையைச் சுற்றியே வார்த்துவிடுகிறார்கள். தலை கழன்று பறக்கும் அச்சமில்லை. என் குற்றவுணர்வுக்கு அதுவே மருந்து என்று தோன்றியது. ஆனால் அந்தக் காம்பு என்றைக்காவது உடைந்தால் மாற்றுக் காம்பு போட வழியில்லை. இரும்பையும் சேர்த்தே எறிய வேண்டும். மலையில் அடிபட்ட மரக்காம்புக்கு ஊர்த் தச்சர் உண்டு. நெகிழிக்கு யார் உண்டு?

அடுத்த வெள்ளிக்கிழமை விடிந்ததும் மின்தொடர்வண்டியில் மூன்றாவது நிலையமான பல்லாவரத்தில் இறங்கினேன். வெள்ளிதோறும் கூடும் அந்தச் சந்தையில் கிடைக்காத பழம்பொருள் இல்லை. நடந்துகொண்டிருந்தபோதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. 1863 மே 30 அன்று, இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் ஃபூட், இதே பல்லாவரத்தில் சரளைக்கல் வெட்டிய பள்ளமொன்றில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் கற்கால ஆய்வே அங்கிருந்துதான் தொடங்கியது. அந்தக் கருவியைக் கைக்கோடரி என்றே வழங்குகிறார்கள். பல்லாவரத்தில் கைக்கோடரி தேடிய முதல் ஆள் நானல்லன்! அந்தக் கல்லுக்குக் காம்பு கிடையாது, உள்ளங்கைதான் பிடி. தலை கழலும் பேச்சுக்கே இடமில்லை. காம்பு பூட்டக் கற்ற பிறகுதான் மனிதனுக்கு வீச்சும் வந்தது, இந்த ஆபத்தும் வந்தது.

சாக்கு விரிப்பில் மூன்று கோடரித் தலைகள் கிடந்தன. முதலாவது பளபளத்தது, வெட்டுவாயில் மெல்லிய நீலம் ஓடியிருந்தது. எந்திரச் சாணையில் சூடேறி, கொல்லர் தோய்த்து ஏற்றிய கடினம் போய்விட்டதன் அடையாளம் அது. இரண்டாவதைச் சிறு சுத்தியலால் தட்டினேன். ஒலி மழுங்கலாக வந்தது. துளையருகே மயிரிழை விரிசல். மூன்றாவது துருவேறிக் கிடந்தது. தட்டியதும் கணீரென்றது. "துரு மேலதான் சார், உள்ள ஒண்ணும் இல்ல" என்றார் கடைக்காரர். கொண்டுபோயிருந்த அரத்தை வாயில் இழுத்தேன். வழுக்கவுமில்லை, வெண்ணெயாக வழித்துக்கொண்டும் வரவில்லை. அளவாகக் கடித்தது. 150 ரூபாய்.

வீட்டுத் தராசில் 600 கிராம். எங்கள் தெருத் தச்சர் கருவேலங்காம்பு செதுக்கி, மரஆப்பும் அதற்குக் குறுக்கே இரும்பாப்பும் அடித்துக் கொடுத்தார். மொத்தம் 850 கிராம். பழைய கோடரியைவிட 200 கிராம் கூடுதல். மனமறிந்து சுமக்கிறேன்.

காம்பு எவ்வளவு நீளம் என்று தச்சர் கேட்டபோது, புறநானூற்றின் 36ஆம் பாடல் நினைவுக்கு வந்தது. கருவூர் முற்றுகையின்போது காவல்மரங்களை வெட்டும் நவியத்தை, கொல்லன் அரத்தால் கூராக்கியது என்றும் நீண்ட காம்புடையது என்றும் ஆலத்தூர் கிழார் பாடுகிறார். அந்த நீளம் ஏன் என்று பதினெட்டு ஆண்டுகளாக எந்த வகுப்பிலும் நான் கேட்டதில்லை. நீண்ட காம்பு இலக்குத் தவறினால் பெரும்பாலும் எதிரே மண்ணில் இறங்கும். குட்டைக் காம்பு தவறினால் அதன் வட்டம் நம் முழங்காலில் வந்து முடியும். பைக்குள் அடங்கும் கோடரி குட்டையாகத்தான் இருக்கும். எனவே மண்டியிட்டு, தடித்த கட்டையொன்றின்மேல் வைத்தே வெட்ட வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இதை எல்லா மலைக்கும் கொண்டுபோகலாம் என்று யாரும் எண்ண வேண்டா. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 31ஆம் பிரிவு, எழுத்துமூல முன் அனுமதியின்றி ஆயுதத்துடன் சரணாலயத்தில் நுழைவதைத் தடுக்கிறது. கத்தியும் அதில் ஆயுதமே. 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீ இருபதுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோன பிறகு, காட்டில் அடுப்பு மூட்டும் ஆசையே எனக்கு விட்டுப்போயிற்று. வனத்துறையின் பாதைகளில் நடக்கும்போது கோடரி வீட்டிலிருக்கும், கட்டுச்சோறு பையிலிருக்கும். பட்டா நிலத்துக்கு மட்டுமே அது வரும்.

ஆடியில் மறுபடி ஜவ்வாது மலைக்குப் போனோம். அந்த மாணவன் வருவானோ என்ற ஐயம் எனக்கிருந்தது, வந்தான். உறையிலிருந்து கோடரியை எடுத்தேன். அவன் கை நீட்டி வாங்கி, தலையைப் பிடித்து அசைத்துப் பார்த்தான், ஆப்பைப் பெருவிரலால் அழுத்தினான். பிறகு என்னிடம் திருப்பிக் கொடுத்து, பத்தடி தள்ளிப் போய் உட்கார்ந்தான்.