முன்னமே சொல்லியிருக்க வேண்டியது



ஊர் உறவுகளே, அன்பின் பெற்றோர்களே,

புதிய வருடத்தின் முதலாம் தவணை தொடங்க இன்னும் சில நாட்கள்தான். நீங்கள் கொப்பி, சப்பாத்து, புத்தகப்பை என்று அலைந்துகொண்டிருப்பீர்கள். ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கும் நாங்கள் நால்வரும் நேற்றுப் பின்னேரம் ஒரு வீட்டில் கூடி, இந்த வருடம் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டும் தாளமும் எப்படிச் செய்வது என்று திட்டம் போட்டோம். அதை உங்களுக்கு முன்கூட்டியே சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

முன்கூட்டியே சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. போன வருடம் தரம் 2 இல் ஒரு பிள்ளையின் வாப்பா வந்தார். மிகவும் மரியாதையாகத்தான் கேட்டார். "பாட்டு நேரத்தில எங்கட மகள வெளிய இருத்துங்க மிஸ். எங்களுக்கு மியூசிக் விருப்பமில்ல." நாங்களும் சரி என்று சொல்லிவிட்டோம். விறாந்தையில் ஒரு கதிரை போட்டோம். கிழமைக்கு இரண்டு தடவை அந்தப் பிள்ளை அதில் போய் இருக்கும். கையில் ஒரு சித்திரக் கொப்பி கொடுத்துவிடுவோம். பிரச்சினை முடிந்தது என்று நினைத்தோம்.

மூன்றாம் தவணையில் வாசிப்பைப் பார்த்தோம். "பள்ளிக்கூடம்" என்ற சொல்லைக் கொடுத்தால் அந்தப் பிள்ளை ப, ள், ளி, க், கூ, ட, ம் என்று ஏழு எழுத்தையும் பிழையில்லாமல் சொன்னது. ஆனால் சேர்த்து வாசிக்க வரவில்லை. வகுப்பில் மற்றப் பிள்ளைகள் பலர் மேசையில் விரலால் தட்டி, பள்-ளிக்-கூ-டம் என்று நாலு தட்டில் வாசித்துவிட்டுப் போனார்கள். அந்தத் தட்டை அவர்கள் எங்கே படித்தார்கள்? பாட்டு நேரத்தில். அதே நேரம் இந்தப் பிள்ளை விறாந்தையில் இருந்தது.

அந்தப் பிள்ளை பின்தங்கியதற்கு அது ஒன்றுதான் காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் எங்கள் மனதில் அது ஒரு முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. வாப்பாவைக் கூப்பிட்டு, அந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்று தட்டிக் காட்டினோம். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "இதத்தான் பாட்டெண்டு சொன்னீங்களா? முன்னமே சொல்லியிருக்கலாமே மிஸ்."

சொல்லியிருக்க வேண்டும். பிழை அவருடையதல்ல, எங்களுடையது. நேரசூசியில் "பாட்டு" என்று மூன்றெழுத்தில் எழுதிப் போட்டுவிட்டு, உள்ளே என்ன செய்கிறோம் என்று ஒரு பெற்றாருக்கும் நாங்கள் விளக்கவில்லை.

ஆகவே இப்போது சொல்கிறோம்.

ஆரம்பப் பிரிவில் சங்கீதம் என்று தனிப் பாடம் இல்லை. சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகளுக்குள்ளேயே ஆக்கம், ஆடல், பாடல் எல்லாம் சேர்ந்து வருகின்றன. தரம் 6 இலிருந்து அழகியல் பாடம் தெரிவு செய்யும்போது எங்கள் முஸ்லிம் பாடசாலைகள் பெரும்பாலானவற்றில் சித்திரம்தான் இருக்கிறது. ஆகவே ஒரு பிள்ளை காதைக் கூர்மையாக்க, தாளம் பிடிக்க, கூட்டத்தோடு சேர்ந்து குரல் கொடுக்கப் பழகுவதற்குப் பாடசாலையில் கிடைப்பது இந்த ஐந்து வருடம்தான்.

இசைக்கருவிகள் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருப்பது எல்லோருக்கும் தெரியும். அதைத் தீர்த்துவைக்க நாங்கள் ஆட்களில்லை. நாங்கள் செய்தது வேறு. இந்த வருடத் திட்டத்தைப் போடும்போது ஒரே ஒரு நிபந்தனை வைத்தோம்: எந்தப் பிள்ளையும் வெளியே கதிரையில் இருக்க வேண்டி வரக்கூடாது. அதனால் ஓர்கன் இல்லை, சினிமாப் பாட்டு இல்லை. குரல், கை, கால், கம்பு, சிரட்டை, தண்ணீர்ப் போத்தல், இவ்வளவுதான்.

நோன்பு பெப்ரவரியில் வந்துவிடும். அதற்கு முன் கையில் இருப்பது கிட்டத்தட்ட ஆறு கிழமை. அதை இப்படிப் பிரித்திருக்கிறோம்.

முதல் கிழமை கேட்பது மட்டும். கண்ணை மூடி இரண்டு நிமிடம். என்ன சத்தம் கேட்டது? காகம், கடல், பக்கத்து வகுப்பு டீச்சரின் குரல், தூரத்தில் ஓட்டோ. எது கிட்ட, எது தூர, எது மெல்ல, எது பலம் என்று பிள்ளைகளே சொல்ல வேண்டும். பின்னேரம் ஒழுங்கைக்குள் வரும் சூன் பாண் ஓட்டோவின் சத்தத்தை வாயால் செய்து காட்டச் சொன்னால் முழு வகுப்பும் ஒரே சுருதியில் செய்யும், பாருங்கள். பல ஓட்டோக்கள் போடும் அந்த மெட்டு பீத்தோவன் 1810 இல் எழுதியது. மியூசிக் விருப்பமில்லாத வீட்டுக்கும் அது ஒவ்வொரு நாளும் பாணோடு வந்துகொண்டுதான் இருக்கிறது.

இரண்டாம் கிழமை பெயர்த் தாளம். அஹ்-மத் என்றால் இரண்டு தட்டு. ஃபா-தி-மா என்றால் மூன்று. அப்-துல்-லாஹ்வும் மூன்று. ஒரே எண்ணிக்கை உள்ளவர்கள் ஒரு குழு. பெயரில் தொடங்கி, வாசிப்புப் புத்தகத்தில் உள்ள சொற்களுக்குப் போவோம். மேலே சொன்ன பள்ளிக்கூடம் இங்கேதான் வருகிறது.

மூன்றாம் கிழமை எண்ணிக்கை. ஒன்று, இரண்டு சும்மா சொல்லி, மூன்றுக்குக் கை தட்ட வேண்டும். பிறகு ஆறுக்கு, ஒன்பதுக்கு. தரம் 3 பிள்ளைகள் மூன்றாம் வாய்பாட்டை அழாமல் படிக்க இதைவிட லேசான வழி எங்களுக்குத் தெரியாது. இன்னுமொரு விடயம். மத்ரஸாவில் மத்து எழுத்தை இரண்டு அளவு, நாலு அளவு, ஆறு அளவு என்று நீட்டி ஓதச் சொல்கிறார்கள். கிராஅத்தை நாங்கள் பாட்டு என்று சொல்லவில்லை, அஸ்தஃபிருல்லாஹ். ஆனால் அளவு பிசகாமல் நிறுத்தவும் நீட்டவும் ஒரு பழகிய காது வேண்டும். அந்தக் காது இந்த வயதில்தான் பழகும்.

நாலாம் கிழமை கரைவலை. எங்கள் ஊர் மீனவர்கள் வலை இழுக்கும்போது ஒருவர் சொல்ல மற்றவர்கள் சேர்ந்து பதில் சொல்லும் அம்பாப் பாட்டைக் கேட்டிருப்பீர்கள். அதே முறையில் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு வகுப்பு முழுக்க இழுக்கும். முன்னுக்கு நின்று சொல்லும் பிள்ளை ஒவ்வொரு நாளும் மாறும். பேசக் கூச்சப்படும் பிள்ளைக்கு, தான் சொன்னதை முப்பது பேர் திருப்பிச் சொல்வது சின்ன விடயமல்ல.

ஐந்தாம் கிழமை களிகம்பு. தன் கம்பில் இரண்டு, எதிரே நிற்பவர் கம்பில் இரண்டு. நாலு அடி, பிறகு ஒரு எட்டு வைத்து ஆள் மாறுவது. விரலில் பட்டுவிடும் என்று பயப்பட வேண்டாம், தரம் 1, 2 பிள்ளைகளுக்குப் பழைய பத்திரிகையை இறுக்கமாகச் சுருட்டித்தான் கம்பு செய்யப்போகிறோம். போன வருடம் புலமைப்பரிசில் வகுப்புக்குச் சத்தம் இடைஞ்சல் என்று முறைப்பாடு வந்தது. நியாயமான முறைப்பாடு. அதனால் இதை வேப்பமரத்தடியில், வெயில் ஏறுமுன் முதலாம் பாடவேளையில் வைத்திருக்கிறோம்.

ஆறாம் கிழமை போத்தல். ஐந்து கண்ணாடிப் போத்தலில் வேறு வேறு அளவு தண்ணீர். கரண்டியால் தட்டினால் தண்ணீர் கூடியது தடித்த சத்தம் தரும். வாயை வைத்து ஊதினால் நேர்மாறு, தண்ணீர் கூடியது மெல்லிய கீச்சுச் சத்தம் தரும். தட்டும்போது கண்ணாடியும் தண்ணீரும் அதிர்கின்றன, ஊதும்போது உள்ளேயிருக்கும் காற்று அதிர்கிறது. இது தரம் 4, 5 பிள்ளைகளுக்கு. ஏன் அப்படி என்று அவர்களையே கண்டுபிடிக்க விடுவோம்.

நோன்பு விடுமுறைக்கு ஒரு வீட்டுவேலை கொடுக்கப்போகிறோம். உம்மம்மாவிடம், வாப்பும்மாவிடம், மூத்தம்மாவிடம் கேட்டு ஒரு தாலாட்டோ, ஊஞ்சல் பாட்டோ, ஒரு கவியோ மனனம் செய்துகொண்டு வர வேண்டும். ஸஹருக்கு எழுப்ப றபான் தட்டிப் பாடி வந்த பாவாமாரைப் பற்றியும் கேட்டு வரலாம். நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றவர்கள் கிழக்கிலங்கை முஸ்லிம்களின் நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்துப் புத்தகமாக்கியிருக்கிறார்கள். ஆனால் உங்கள் வீட்டு மூத்தம்மாவின் வாயில் இருப்பது எல்லாம் புத்தகத்தில் இருக்காது. அவர்கள் மௌத்தானால் அதுவும் அவர்களோடு போய்விடும். பிள்ளை கேட்டு வந்தால் இன்னும் அறுபது எழுபது வருடத்துக்கு இருக்கும், இன்ஷா அல்லாஹ்.

உங்களிடம் கேட்பது மூன்று விடயம்.

ஒன்று, பழைய பத்திரிகை, காய்ந்த சிரட்டை, கண்ணாடிப் போத்தல் இருந்தால் வீசாமல் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள். சிரட்டையின் விளிம்பை உரஞ்சி அனுப்பினால் பெரிய உதவி.

இரண்டு, களிகம்பு ஆடிய, அம்பா சொல்லிய பெரியவர்கள் ஒரு நாள் வந்து பிள்ளைகளுக்குக் காட்டித் தந்தால் நன்றியுடையவர்களாக இருப்போம். அதிபரிடம் அனுமதி கேட்டாயிற்று. அவரும் தானும் பார்க்க வருவதாகச் சொன்னார்.

மூன்று, உங்களுக்கு ஏதும் மனக்குறை இருந்தால் நேரே வந்து சொல்லுங்கள். வகுப்பின் பின்வாங்கில் இருந்து ஒரு பாடவேளை பாருங்கள். பார்த்த பிறகும் பிடிக்கவில்லை என்றால் பேசுவோம், மாற்ற வேண்டியதை மாற்றுவோம்.

அந்தப் பிள்ளை இந்த வருடம் தரம் 3. கரைவலைக் கிழமைக்குக் கயிறு தருவதாக அதன் வாப்பா ஒப்புக்கொண்டிருக்கிறார். நேரசூசியில் இனி "பாட்டு" என்று எழுதமாட்டோம், "கேட்டலும் தாளமும்" என்று எழுதியிருக்கிறோம். விறாந்தைக் கதிரையை எடுத்து அலுவலகத்தில் வைத்தாயிற்று.

பிள்ளைகளுக்காகவும் எங்களுக்காகவும் துஆச் செய்யுங்கள்.