மிரிஸ்ஸக் கடலில் 100 மீட்டர்

என் சின்ன நாத்தனார் கொழும்பில் இருக்கிறாள். ஆஸ்துமாக்காரி, ஆனாலும் ஊர் சுற்றுவதில் சளைக்க மாட்டாள். 2019 பிப்ரவரியில் நாங்கள் போயிருந்தபோது, "அண்ணி, திமிங்கிலம் பார்க்கப் போவோமா?" என்று மிரிஸ்ஸவுக்கு அழைத்துப் போனாள். இலங்கையின் தென்கோடியில், மாத்தறைக்குப் பக்கத்திலுள்ள மீன்பிடி ஊர். டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை சீசன். காலை ஆறரைக்கெல்லாம் படகு கிளம்பிவிடும். சகோதரிகளே, லேசாகச் சாப்பிட்டு, ஒரு துண்டு இஞ்சியை வாயில் அடக்கிக்கொண்டு ஏறுங்கள். என் வீட்டுக்காரர் சொல்லச் சொல்லக் கேட்காமல் வயிறு முட்ட ஆப்பம் சாப்பிட்டுவிட்டு, பாதி நேரம் படகு ஓரத்தில்தான் குனிந்திருந்தார்!

ஏறியதும் ஒரு பையன் விதிகளைச் சொன்னான். 2012-ல் அரசாங்கம் போட்டதாம். திமிங்கிலத்துக்கு 100 மீட்டருக்குள் படகு போகக் கூடாது. மறிக்கக் கூடாது, துரத்தக் கூடாது. எங்கள் வீட்டிலிருந்து தெருக்கோடி பிள்ளையார் கோவில் தூரம் அது. அவ்வளவு தள்ளி நின்று என்னத்தைப் பார்க்கிறது என்று எனக்குக் குறைதான்.

ரொம்ப நேரம் கழித்து, தூரத்தில் புகை மாதிரி ஒன்று எழும்பியது. நீலத் திமிங்கிலம்! உலகத்திலேயே பெரிய ஜீவன், 30 மீட்டர் வரைகூட வளரும். நம்மைப் போல மூச்சுவிட்டு, குட்டிக்குப் பால் கொடுக்கிற பிராணி. நிதானமாக ஐந்து தடவை மூச்சு வாங்கிக்கொண்டு, வாலை உயரத் தூக்கி முழுகிற்று. எங்கள் படகு தள்ளியேதான் நின்றது. எல்லாம் நன்றாகவே தெரிந்தது.

பத்து நிமிஷத்துக்குள் ஏழெட்டுப் படகுகள் சேர்ந்துவிட்டன. அது மறுபடி மேலே வந்ததும் நாலா பக்கமும் வளைத்துக்கொண்டார்கள். "காசு கொடுத்திருக்கோம், கிட்டப் போப்பா" என்று எங்கள் படகிலும் ஒரே கத்தல். கத்தியவர்களில் நானும் உண்டு. பையன் தயங்கினான். ஓட்டுகிறவர் வேகத்தைக் கூட்டிவிட்டார். இரண்டே மூச்சு. வாலைக்கூடத் தூக்காமல் அமிழ்ந்துவிட்டது.

"மூச்சு வாங்கக்கூட விடமாட்டேங்கிறாங்களே, அண்ணி" என்றாள் நாத்தனார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

திரும்பும்போது பையனிடம் சிங்களத்தில் கேட்டுச் சொன்னாள். தள்ளி நின்றால், ஜனங்கள் மறுநாள் பக்கத்துப் படகுக்குப் போய்விடுகிறார்களாம். அதே கடலில்தான் சரக்குக் கப்பல்களும் வரிசையாகப் போகின்றன. மோதித் திமிங்கிலம் சாவதும் உண்டு. 2022-ல் ஒரு பெரிய கப்பல் கம்பெனி தன் கப்பல்களைத் தெற்கே ஒதுக்கி ஓட்டத் தொடங்கியதாகப் படித்தேன். அவ்வளவு பெரிய கப்பலே ஒதுங்குகிறது!

போன மாதம் எதிர்வீட்டு மாமி மிரிஸ்ஸ போவதாகச் சொன்னார். "படகு பேசும்போதே 100 மீட்டர் தள்ளி நிறுத்துவீங்களான்னு கேட்டுட்டு ஏறுங்க மாமி" என்றேன். இஞ்சியும் கொடுத்தனுப்பினேன்.