பழி பம்ப் மேல்

சாவியை 'ஆன்' வரைக்கும் திருப்பி, ஸ்டார்ட் பண்ணாமல் விட்டுப் பாருங்கள். பெரும்பாலான பெட்ரோல் கார்களில் பின்பக்கத்திலிருந்து மெல்லிய ஒரு முனகல் கேட்கும். இரண்டு விநாடிதான். டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கும் எலக்ட்ரிக் பம்ப், எஞ்சினுக்குப் போகும் குழாயில் அழுத்தம் ஏற்றும் சத்தம் அது. கார்புரேட்டர் காலத்துக் கார்கள் பலவற்றில் பம்ப் எஞ்சினோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பானெட்டைத் திறந்தால் தெரியும். இப்போது அது கண்ணில் படாத இடத்தில் இருக்கிறது. கண்ணில் படாததன் மேல் பழி போடுவது சுலபம்.

அத்தான் மதுரையில் கால் டாக்ஸி ஓட்டுகிறார். ஐடிலில் நன்றாக இருக்கும் வண்டி, ஏசி போட்டு நாலு பேரோடு பாலம் ஏறினால் இழுக்காமல் திணறும். ஒரு கடையில் பம்பின் பிளக்கைக் கழற்றி மீட்டர் வைத்தார்கள். 12 வோல்ட் காட்டியது. "கரண்ட் கரெக்டா வருது. அப்ப பம்ப்தான் போச்சு" என்று புதுசு மாட்டினார்கள். அந்த மாத டியூ அதில் போனது. எட்டாம் நாள் அதே பாலத்தில் அதே திணறல். "இன்னொரு பம்ப் மாத்திப் பாக்கலாம்" என்றார்கள்.

அக்கா விடவில்லை. வேறொரு மெக்கானிக்கிடம் நானும் கூடப் போனேன். அவர் முதலில் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கி, எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிட்டார். குழாயில் அழுத்தம் இருக்கும்போது கழற்றினால் பெட்ரோல் பீய்ச்சி அடிக்கும். தீப்பிடிக்க ஒரு பொறி போதும். பிறகு கேஜை இணைத்து, ஃபியூஸைப் போட்டு ஸ்டார்ட் பண்ணினார். 3 பாருக்கு மேல் நிற்க வேண்டிய முள், ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் 2-க்கு இறங்கியது.

"பம்ப் வீக்கா அண்ணே?" என்றேன்.

"இருங்க தம்பி. அதுக்குச் சோறு ஒழுங்காப் போகுதான்னு பாப்போம்."

பிளக்கைக் கழற்றவில்லை. பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து ஊசிமுனையைச் செருகி அளந்தார். பேட்டரியில் 14 வோல்ட், பம்பில் 10-தான். எர்த் வயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே வைத்தால் 3 வோல்ட்டுக்கு மேல். அங்கே அரை வோல்ட்கூட இருக்கக் கூடாது.

மீட்டர் இழுக்கும் கரண்ட் ஏறக்குறைய ஒன்றுமில்லை. பிளக்கைக் கழற்றிவிட்டால், அரித்துப்போன வயர்கூட முழு 12 வோல்ட்டைக் காட்டும். ஒரு நூலளவு தொடர்பு போதும் அதற்கு. பம்ப் நாலைந்து ஆம்பியர் கேட்கும்போதுதான் வயரின் லட்சணம் தெரியும். வோல்ட் குறைந்தால் பம்ப் மெதுவாகச் சுற்றும், அழுத்தம் இறங்கும், பாலத்தில் எஞ்சினுக்குப் பெட்ரோல் பற்றாது.

கார்ப்பெட்டைத் தூக்கினார். மழைத்தண்ணி தேங்கிய ஈரம். எர்த் போல்ட் துருப்பிடித்துப் பச்சை பூத்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்து, புது லக் அடித்து முறுக்கினார். முள் ஏறி நின்றது.

பழைய பம்ப் நல்ல பம்ப்பாகவே இருந்திருக்கலாம். சோதித்துப் பார்க்க வழியில்லை; முதல் கடையில் அதைத் திருப்பித் தரவில்லை. இப்போதெல்லாம் யாராவது "பார்ட்டை மாத்தணும்" என்றால் அத்தான் இரண்டே கேள்வி கேட்கிறார்: "ஓடும்போது அளந்தீங்களா? பழசைக் கையில குடுப்பீங்களா?"